கீழவைப்பாருக்குக் கொண்டுபோன பேச்சுப் பெட்டி

கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது என்று சொல்வது சரியில்லை. கரை ஒரு கோடாகத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டது. அதற்கு மேல் போனால் தரை தட்டுமாம். ஆளும் சாமானும் படகில் இறங்கித்தான் கரைக்குப் போகவேண்டும். கொழும்பில் கப்பல் அலைதடுப்புக்குள் வந்து நிற்கும்.

என் கவலையெல்லாம் பெட்டி. தேக்குப் பெட்டி. ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்கலாம். முன்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன லாச்சிகள். இந்தியாவில் அதை டிராயர் என்கிறார்கள். கொழும்பில் எங்களுக்கு லாச்சி. படகுக்காரர்கள் கயிறு கட்டிப் பெட்டியை இறக்கினார்கள்.

"அண்ணாச்சி, உள்ள என்ன, பொணமா?" என்றார் ஒருவர்.

"இந்த அளவுக்குப் பொணம்னா அது ஒன்ன மாதிரி ஆளாத்தாம்ல இருக்கணும்," என்றார் இன்னொருவர். முதல் ஆள் குட்டை.

நான் பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்தேன். பெட்டி நனையவில்லை. அது போதும்.

நான் தச்சு வேலை செய்கிறவன். கொழும்பில் தச்சனை பாஸ் என்று கூப்பிடுவார்கள். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. தமிழன்தான், ஆனால் இந்தியாவைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. முன்பு இரண்டு கரைக்கும் ஒரே ராஜா. இப்போது இரண்டு தேசம். அதனால் காகிதம் கேட்கிறார்கள். பெட்டியையும் திறக்கச் சொல்கிறார்கள்.

சுங்கத்தில் இருந்தவர் கண்ணாடி போட்டவர். பெட்டியைச் சுற்றி வந்தார்.

"இது என்னது?"

"பெட்டி."

"தெரியுது. உள்ள என்ன?"

"லாச்சி."

"லாச்சிக்குள்ள?"

"ஒன்றுமில்லை."

அவர் எல்லா லாச்சியையும் இழுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "ஒண்ணுமில்லாத பெட்டிய ஒருத்தன் கடல் தாண்டித் தூக்கிட்டு வாரானா? எதுக்கு?"

"பேச்சுப் படிக்க."

"ஒமக்கா?"

"பெட்டிக்கு."

பக்கத்தில் இருந்த சிப்பந்தி சிரித்துவிட்டார். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. பெட்டியை இங்கே விற்கக்கூடாது, திரும்பிப் போகும்போது கையோடு கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி விட்டார். சரி என்றேன்.

பெட்டி செய்யச் சொன்னவர் நேசம்மா டீச்சர். கொழும்பில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். சின்னப் பிள்ளைகள் எப்படிப் பேச்சுப் படிக்கிறார்கள் என்பதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஒரு எண்ணம். பிள்ளையின் தலைக்குள் எட்டிப் பார்க்க முடியாது, அதனால் தலை மாதிரி ஒன்றை வெளியே செய்து பார்ப்போம் பாஸ் என்றார். நான் செய்து கொடுத்தேன், கொழும்பில் ஒரு வீட்டில் வைத்துப் பார்த்தோம். லீவுக்கு அவருடைய அம்மா ஊரான கீழவைப்பாருக்குப் போனவர், பெட்டியோடு உடனே வரும்படி தந்தி அடித்துவிட்டார்.

கரையில் என்னைக் கூட்டிப் போக மிக்கேல் வந்திருந்தார். டீச்சரின் பெரியம்மா மகள் சவேரியம்மாளின் புருஷன். சங்கு குளிக்கிறவர். கடலுக்குள் போய்ப் போய் இரண்டு காதும் பாதி அடைத்துவிட்டது. அதனால் எதையும் கத்தித்தான் சொல்லுவார். "வாங்க அண்ணாச்சி" என்று அவர் சொன்னதில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

முத்துக்குளிப்பு பல வருடமாக இல்லை. சிப்பி விளையவில்லை என்கிறார்கள். சங்கு மட்டும் நடக்கிறது. கடற்கரையில் சங்கைக் குவித்து வைத்திருந்தார்கள். கொழும்புக் கடையில் பார்க்கிற வெள்ளைச் சங்கு இல்லை. மேலே பழுப்புத் தோல், உள்ளே சதை அழுகிக்கொண்டிருந்தது. அந்த வாடையில் நின்றுகொண்டு மிக்கேல் தன் மச்சானைக் காட்டினார். இவர் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினால் மேலே கயிற்றைப் பிடிப்பது அவர். பெண்சாதியின் அண்ணன்.

"ஏன் மச்சானை வைக்கிறீர்கள்?" என்றேன்.

"தங்கச்சி தாலி அவன் கையில இருக்கும்லா. தூங்கமாட்டான்," என்றார்.

மத்தியானம் கிளப் என்கிற சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டோம். அரிசி இங்கேயும் ரேஷன். சோற்றில் பாதி கம்பு. மீன் குழம்பு புளியில் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் தேங்காய்ப் பால் விடாமல் குழம்பு வைக்கமாட்டார்கள். இது தொண்டையில் இறங்கும்போது ஒரு தட்டுத் தட்டியது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். பிறகு மிக்கேல் ஒரு ரொட்டிக் கடையில் மக்ரூன் என்று ஒரு பலகாரம் வாங்கினார். முட்டை வெள்ளையும் சீனியும் முந்திரியும். வாயில் வைத்தால் கரைந்துவிடுகிறது.

"எம் மவளுக்கு," என்றார். பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். அவர் சங்கு முடியும்வரை ஊருக்கு வர முடியாது.

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். மகளுக்கு நாலு வயது. இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் மாதா கோயில் சாமியார் நல்லவர். வெளியூரில் ஊமைப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற பள்ளியில் இடம் கேட்டு வாங்கிவிட்டார். திங்கட்கிழமை வண்டி வருகிறது. போனால் வருடத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கலாம்.

"பெட்டி என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு அனுப்பலாம்னு டீச்சர் சொல்லுதாவ. பெட்டி பேசுமா அண்ணாச்சி?"

"பேசாது. சீட்டு எடுத்துப் பார்க்கலாம்."

"மரம் படிக்கும்னா எம் மவ படிக்கமாட்டாளா?" அவர் அதையும் கத்தித்தான் சொன்னார்.

மறுநாள் பஸ். பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பு. யுத்தத்தில் பெட்ரோல் இல்லாதபோது கரி வாயுவில் ஓட வைத்தது, இன்னும் எடுக்கவில்லை. பெட்டியைக் கூரையில் போடச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் கண் கூசியது. ஊர் எதுவும் கண்ணில் படாத இடமாகப் பார்த்து வண்டி நின்றது.

"எறங்கித் தள்ளுங்க. டிக்கெட்ல இதுவும் சேந்ததுதான்," என்றார் கண்டக்டர்.

எல்லோரும் தள்ளினார்கள். கூடைக்கார அம்மாள் ஒருத்தி மட்டும் இறங்கவில்லை. "நான் அரை டிக்கெட்லா எடுத்தேன்," என்றாள். அவள் சொன்னது உண்மை இல்லை. யாரும் சண்டை போடவில்லை. கொழும்பு டிராமில் இந்தப் பேச்சு நடந்தால் போலீஸ் வரும்.

குளத்தூரில் இறங்கி மாட்டு வண்டி. ஒரு சக்கரம் மணலில் புதைந்தது. சாயங்காலம் கீழவைப்பார். கோயில் கோபுரம் முதலில் தெரிந்தது, பிறகு பனை, பிறகு கடல். தண்ணீர் வாங்கிக் குடித்தேன். உப்புக் கரித்தது.

"தண்ணி நல்லா இருக்கா?" என்று சவேரியம்மாள் கேட்டார். ஆம் என்றேன்.

சவேரியம்மாள் ஒல்லியான ஆள். கை நிற்காது, வாயும் நிற்காது. ஓலை வேலி போட்ட மணல் முற்றம். அதில் ஒரு சிவப்புக் கோழி. கோழிக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. எண்ணெய் வைத்து வாரிய தலை. சுத்தமான சட்டை. நான் பொட்டலத்தை நீட்டினேன். வாங்கவில்லை. கீழே வைத்தேன். எடுத்துக்கொண்டது.

"பேர் என்ன?" என்று சவேரியம்மாளிடம் கேட்டேன்.

"பேரென்ன பேரு. அது கெடக்கு," என்றார். தெருவில் அந்தப் பிள்ளைக்குக் குப்பை என்று பேர்.

காது கேட்கிறதா என்று எனக்குச் சந்தேகம். பெட்டியைப் பிரிக்கும்போது பிள்ளைக்குப் பின்னால் சுத்தியலைக் கல்லில் போட்டேன். திரும்பிப் பார்த்தது. கோழியும் பார்த்தது. காது நன்றாக இருக்கிறது என்று டீச்சரிடம் சொன்னேன். அவரும் பார்த்துவிட்டாராம். டாக்டரும் அதைத்தான் சொன்னாராம்.

பெட்டி வேலை செய்கிற முறை இதுதான். ஒவ்வொரு லாச்சியிலும் டீச்சர் ஒரு படம் ஒட்டினார். சோற்றுப் பானை, குடம், மீன், வலை, படகு, கோழி, அம்மா, ஒரு சின்னப் பெண். அந்த வீட்டில் பிள்ளை காதில் விழுகிற பேச்சை அவர் சொல் சொல்லாகச் சீட்டில் எழுதுவார். பேசுகிறவர் எதைப் பார்த்துப் பேசுகிறாரோ, அந்தப் படம் ஒட்டிய லாச்சியில் நான் சீட்டைப் போடவேண்டும். ஒரே சொல் ஒரு லாச்சியில் மூன்று தடவை விழுந்தால் தங்கும். மற்றதைச் சாயங்காலம் எடுத்து எறிந்துவிடுவோம். பிள்ளை மறக்கிற மாதிரி. கடைசியில் ஒரு பொருளைக் காட்டி, அந்த லாச்சியில் தங்கிய சீட்டை எடுத்தால் பெட்டி பேசியதாகக் கணக்கு. நமக்குத் தெரிந்ததை நாமே உள்ளே போடக்கூடாது. அதில் டீச்சர் கண்டிப்பு.

"இந்த வீட்டுப் பேச்சை வைத்து மரப்பெட்டியே படித்துவிட்டால், பேச்சில் குறை இல்லை என்று ஆகும் பாஸ்," என்றார். "அப்போது குறை பிள்ளையிடம். சாமியார் சொல்கிறபடி அனுப்பவேண்டியதுதான். பெட்டியும் படிக்கவில்லை என்றால், இந்தப் பேச்சை வைத்து யாராலும் படிக்க முடியாது. அவளை அனுப்பக்கூடாது."

கடைசிப் படத்தை ஒட்டிவிட்டு, "பெட்டி தோற்கவேண்டும்," என்றார்.

நான் செய்த பெட்டி. தோற்கவேண்டும் என்று கேட்க ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் சரி.

வியாழக்கிழமை தொடங்கினோம். அன்று காலை முழுக்க வீணாகப் போனது. பெட்டி காது கொடுத்துக் கேட்கிறது என்று ஊரெல்லாம் செய்தி. பெண்கள் வந்து வேலிக்கு வெளியே நின்று பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி பேசினார்கள். ஒரு அம்மாள் ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். ஒரு பெரியவர் குனிந்து, "சங்கு எங்கன கெடக்குன்னு சொல்லு, பாதி ஒனக்கு," என்று லாச்சியிடம் சொன்னார். டீச்சர் எல்லோரையும் கும்பிட்டு அனுப்பினார்.

எதிர்வீட்டு தெரசாள் மட்டும் போகவில்லை. பெரிய உடம்பு, பெரிய குரல். வேலியில் கை வைத்து நின்று, "ஏளா சவேரி, ஒன் வீட்டுல கோழி ஒண்ணுக்குத்தான் மரியாதை. பெட்டிக்கும் கொஞ்சம் குடு," என்றாள். அது கேலி என்று நினைத்தேன்.

சவேரியம்மாள் நன்றாகப் பேசினார். அடுப்பிடம், பானையிடம், கடலிடம். கோழியிடம் அதிகம். கொழும்பில் நானும் கோழி வளர்த்தவன்தான். இவ்வளவு பேசியதில்லை. "ஏளா கோழி, சோறு ஆறிட்டு, வா திங்க." கோழி வரும், பிள்ளையும் வரும். பிள்ளை சாப்பிடும். "ஏளா கோழி, அலை பக்கம் போவாத." கோழி அப்போது கூரையில் இருந்தது. பிள்ளை கடல் பக்கம் போவதை விட்டுத் திரும்பி வந்தது. நான் சீட்டைக் கோழி லாச்சியில் போட்டேன். அவர் பார்த்தது கூரையை.

அன்று எனக்கு இன்னொரு கவளமும் இறங்காத அளவுக்கு மீன். சாளை வறுத்து, சாளைக் குழம்பு வைத்து, சாளைக் கருவாடும் சுட்டிருந்தார். கருப்பட்டிக் காப்பி தினம் மூன்று தடவை. ஞாயிற்றுக்கிழமைக்குக் கோழி அடிக்கட்டுமா என்று கேட்டார். எனக்குக் கோழிக்கறி பிடிக்காது. மீன் போதும் என்றேன். அதைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே பெட்டி படித்துவிட்டது தெரிந்தது. பானை லாச்சியில் சோறு தங்கிவிட்டது. குடத்தில் தண்ணி. படகில் 'வரல'. டீச்சர் அந்த மூன்றை எண்ணியதோடு நிறுத்தி, சீட்டுகளை அடுக்கி வைத்தார். முகம் செத்துவிட்டது.

"கொழும்பில் பார்த்த வீட்டைவிட இங்கே வேகமாகப் படிக்கிறது," என்றார்.

நல்ல பெட்டி.

சனிக்கிழமை கோழி லாச்சி இழுக்க வரவில்லை. கடற்காற்றில் தேக்கு ஊதிவிட்டது என்று நினைத்தேன். என் வேலையில் குறை வந்தது பிடிக்கவில்லை. உளியால் பக்கத்தைச் சீவினேன். அப்படியும் வரவில்லை. பலமாக இழுத்தபோது சீட்டுகள் மணலில் கொட்டின. மரம் ஊதவில்லை. லாச்சி நிறைந்து பிதுங்கியிருந்தது. பொறுக்கிப் போட்டு மூடினேன். டீச்சர் அப்போது கோயிலுக்குப் போயிருந்தார். அவர் வந்ததும் லாச்சி சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

உளி வேலை செய்யும்போது பிள்ளை வீட்டுக்குப் பின்னால் கோழியோடு உட்கார்ந்திருந்தது. வாயை அசைத்துக்கொண்டிருந்தது. மக்ரூன் மிச்சம் இருக்கிறது போல என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியார் வந்தார். வெள்ளை அங்கி, கையில் குடை. தெரசாளும் இன்னும் சிலரும் வேலியோரம் நின்றார்கள். சவேரியம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஒரு தகரப் பெட்டியில் பிள்ளையின் சட்டைகளை மடித்து வைத்தாகிவிட்டது. நான் பார்த்தேன்.

டீச்சர் பானையைக் காட்டினார். நான் பார்க்காமல் சீட்டு எடுத்தேன். சோறு. குடம். தண்ணி. மீன். சாளை. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ஓ என்றது. சாமியார் தலையை ஆட்டினார். "அப்ப பேச்சுல குறை இல்ல," என்றார். அவருக்கும் அதில் சந்தோஷம் இல்லை.

அடுத்தது கோழி. நான் எடுத்தேன். வா. இன்னொன்று எடுக்கச் சொன்னார். குளி. அடுத்தது, தைலம். அடுத்தது, சட்டை. அடுத்தது, தூங்கு. அடுத்தது, கண்ணு.

"கோழிக்குச் சட்டையா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "ஒங்க பெட்டிக்குக் கோட்டி புடிச்சிட்டு அண்ணாச்சி," என்றார் இன்னொருவர். நான் டீச்சரைப் பார்த்தேன். தப்பாகப் போட்டுவிட்டேனா என்று எனக்குப் பயம். டீச்சரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். "சவேரி பார்த்தபடிதானே போட்டீர்கள் பாஸ்?" என்றார். அப்படித்தான் என்றேன்.

அவர் சின்னப் பெண் படம் ஒட்டிய லாச்சியைத் தொட்டார். "இது?"

இழுத்தேன். காலி. தங்கிய சீட்டு ஒன்றும் இல்லை. எறிந்த சீட்டும் இல்லை. அந்த லாச்சியில் நான் ஒரு சீட்டும் போடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொழும்பு வீட்டில் முதலில் நிறைந்தது அதுதான்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"இத மரப்பெட்டி வந்தா சொல்லணும்?" என்றாள் தெரசாள். "கேளுங்க சாமி. ரெண்டு பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தவ இவ. ரெண்டும் பேரு சொல்லிக் கூப்பிட்டா ஓடி வரும், அவ்வளவு அழகு. மூணாவதப் பெத்த அன்னைக்கே வாயக் கட்டிட்டா. பேரு சொல்லமாட்டா. மூஞ்சியப் பாத்துப் பேசமாட்டா. பேசுனா எடுத்துட்டுப் போறவனுக்குத் தெரிஞ்சிருமாம், இங்கன ஒண்ணு இருக்குன்னு. எல்லாத்தையும் கோழிட்டதான் சொல்லுவா. நாலு வருசமா. ஊருக்கே தெரியும்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றார் சாமியார்.

"நீங்க பிரசங்கம் வச்சிருவிய," என்றாள் தெரசாள்.

டீச்சர் மணலில் உட்கார்ந்துவிட்டார். கோழி லாச்சிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு, "பெட்டி தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை," என்றார். "கேட்டதைச் சரியாகப் படித்திருக்கிறது. இந்த வீட்டில் பேச்சு என்றால் கோழியிடம் பேசுவது என்று படித்திருக்கிறது. அவளும் அதைத்தான் படித்திருப்பாள்."

எழுந்து வாசலுக்குப் போனார். "சவேரி, அவளைக் கூப்பிடு."

சவேரியம்மாள் தலையை ஆட்டினார்.

"ஒரு தடவை. கோயிலில் வைத்த பேர் சொல்லி."

"மாட்டேன் நேசம். ஒனக்கென்ன, நீ கணக்குப் போட்டுட்டுக் கப்பல் ஏறிருவ. நான் ரெண்டு தடவ கூப்பிட்டுப் பாத்தாச்சி. கூப்பிட்டா போயிரும்."

"கூப்பிடாவிட்டாலும் நாளைக்குப் போகப்போகிறாள்."

சவேரியம்மாள் உள்ளே சட்டை மடித்து வைத்த தகரப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். சாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெரசாள் அவரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

பிள்ளை வேலியோரம் கோழியோடு உட்கார்ந்திருந்தது. எங்களுக்கு முதுகு காட்டி.

"பிரகாசி," என்றார் சவேரியம்மாள்.

குரல் உடைந்திருந்தது. ஆனால் கேட்டது. பிள்ளை திரும்பியது. அம்மா முகத்தைப் பார்த்தது. அம்மா தன்னையே பார்க்கிறதைப் பார்த்தது. அதற்கு அது புரியவில்லை. பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தது. யாரும் இல்லை. கோழிதான் இருந்தது. கோழியின் முதுகில் கை வைத்து மெதுவாகத் தள்ளியது.

"ஏளா, ஒன்னத்தான் கூப்பிடுதா. போளா."

தெளிவான பேச்சு. சவேரியம்மாளின் குரலை அப்படியே சின்னதாக்கிய மாதிரி. கோழி இரண்டு அடி போய் நின்றது. வேலியோரம் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிள்ளைக்குக் கோழி நின்றது பிடிக்கவில்லை. "போளா, சோறு ஆறிட்டு," என்றது.

சவேரியம்மாள் நிலையைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தார். தெரசாள் உரக்க அழுதாள். சாமியார் குடையை விரித்தார், நிழலில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடத்துக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்," என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் டீச்சர் ஒரு சீட்டில் பிரகாசி என்று எழுதி என்னிடம் கொடுத்தார். சின்னப் பெண் லாச்சியில் போட்டேன். அந்த லாச்சிக்கு அதுதான் முதல் சீட்டு. ஒரு தடவை விழுந்த சீட்டு தங்காது. சாயங்காலம் எடுத்து எறிந்திருக்கவேண்டும். டீச்சர் எறியச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சவேரியம்மாள் அதற்குப் பிறகு பேசவே இல்லை. கோழியிடமும் பேசவில்லை. பிள்ளையைப் பார்ப்பார், உடனே வானத்தைப் பார்ப்பார். நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பார். சாப்பிடும் நேரம் வந்தபோது தட்டை வைத்துவிட்டு நின்றார். பிள்ளை காத்திருந்தது. கோழி காத்திருந்தது. கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "பிரகாசி, வா," என்றார். இந்தத் தடவை பிள்ளை கோழியைத் தள்ளவில்லை. தானும் போகவில்லை. யோசித்தது. கோழியைத் தூக்கிக்கொண்டு போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தது. டீச்சர் இன்னொரு சீட்டு கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை வண்டி வந்தது. பிள்ளையை ஏற்றிப்போகச் சொல்லிவைத்த வண்டி. டீச்சருக்கு லீவு இன்னும் இருந்தது. எனக்கு இல்லை. சுங்கத்தில் பெட்டி திரும்பவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் ஏறினேன். சவேரியம்மாள் ஒரு ஓலைக் கொட்டானில் கருவாடு கட்டிக் கொடுத்தார். முகம் தூங்காத முகம். பிள்ளை நன்றாகத் தூங்கி எழுந்திருந்தது.

"தகரப் பொட்டி ஒண்ணு, பிள்ள ஒண்ணுன்னுலா சொன்னாவ," என்றார் வண்டிக்காரர். "மரப் பொட்டியும் ஆளுமா வாரிய."

"ஆம்," என்றேன்.

வண்டி மணலைத் தாண்டிப் பனைகளுக்குள் போனது. நான் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். பிள்ளை கடல் பக்கமாக ஓடியிருக்கவேண்டும். நான் பார்க்கவில்லை. பின்னாலிருந்து சவேரியம்மாளின் குரல் வந்தது. உடையாத குரல். தெருவில் எந்த அம்மாவும் பிள்ளையைக் கூப்பிடுகிற குரல், கொஞ்சம் கோபத்தோடு.

"ஏளா பிரகாசி! அலை பக்கம் போவாத!"

வண்டிக்காரரிடம் துண்டுப் பென்சில் இருந்தது. கருவாட்டுக் கொட்டானில் சுற்றியிருந்த காகிதத்தில் ஒரு மூலையைக் கிழித்தேன். என் எழுத்து நன்றாக இருக்காது. அந்தப் பேரை எழுதினேன். நமக்குத் தெரிந்ததை உள்ளே போடக்கூடாது. இது நான் கேட்டது. சின்னப் பெண் லாச்சியை இழுத்து, மற்ற இரண்டு சீட்டோடு மூன்றாவதாகப் போட்டு மூடினேன்.

தூத்துக்குடி சுங்கத்தில் அதே கண்ணாடிக்காரர் இருந்தார்.

"இப்பமும் ஒண்ணுமில்லையா?" என்றார்.

"இருக்கிறது," என்றேன்.